கப்பல் ஓட்டும் அறைக்கு நான் காவல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று மும்பைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியதும், கப்பலை ஓட்டும் அறையின் கதவருகே பயிற்சி அதிகாரியான என்னை நிறுத்தினார்கள். கப்பல் ஓடும்போது கேப்டனின் அனுமதியின்றி யாரும் உள்ளே வரக்கூடாது. கொச்சி வரை எங்களோடு வரும் கம்பெனி மேனேஜர் செல்பி எடுக்க வந்தார்.

"தள்ளும்மா. உன் வேலையே என் கையிலதான் இருக்கு."

"கேப்டன் சொல்லட்டும் சார்" என்றேன், நகரவில்லை.

"அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி, கீழ போங்க சாப்" என்று உள்ளிருந்து ஹிந்தியில் கேப்டனின் குரல் வந்தது.

"உன் பேரென்ன?" என்று மேனேஜர் முறைத்தார். கல்லூரியில் வருகை சொல்லக்கூடக் குரல் எழும்பாத நான், உங்கள் பெயரோடு சேர்த்து உரக்கச் சொன்னேன்.

இங்கே தமிழ் பேச அந்த மேனேஜர் ஒருவர்தான் இருக்கிறார். அதனால் தம்பி முகேஷிடம் சொல்லி நம் தாராவி வீட்டுப் பேச்சைப் போனில் பதிந்து அனுப்புங்கள், சண்டையானாலும் சரி. கேப்டன் கூப்பிடுகிறார், இனி அந்தக் கதவுக் காவல் எனக்குத்தானாம்.

பெரியநாயகம் மகள்
பொன்செல்வி