வாங்கிப் போகாத ரிப்போர்ட்

அக்காவுக்கு,

உன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பதினொரு நாளாக எங்கள் லேப் டிராயரில் கிடக்கிறது. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று ரத்தம் எடுக்க ஊசியோடு நிற்பது நான் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாய். நரம்பு தேடுகிற சாக்கில் உன் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பிடித்திருந்தேன். வீங்கியிருந்தது.

அம்மா காரியத்துக்கு நான் ஏன் வரவில்லை என்பதை இதில் எழுதப் போவதில்லை.

நேற்று கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் அத்தானைப் பார்த்தேன். "டாக்டர் வலிக்கு ஊசி போட்டதுல வலி விட்டுருச்சு. மறுபடி முந்திரி ஒடைக்கப் போறா. இனி எதுக்கு ரிப்போர்ட்டு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இறங்கிவிட்டார்.

அந்த ஊசி வலியை மட்டும்தான் அடக்கும். முடக்குவாதத்தைக் காட்டுகிற சி.சி.பி. என்கிற அளவு இருபதுக்குள் இருக்க வேண்டும். உனக்கு இருநூற்றைத் தாண்டிவிட்டது. நம்பாமல் இரண்டாவது முறையும் பார்த்தேன். இவ்வளவு ஏறியவர்களுக்கு, வலி இல்லாத நாளிலும் உள்ளே மூட்டு அரித்துக்கொண்டே போகலாம். அரித்த எலும்பு திரும்பாது. இப்போதே டாக்டரிடம் காட்டி மாத்திரை தொடங்கினால் உன் விரல்களைக் காப்பாற்றலாம்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை கவுன்டரில் ஷர்லி என்கிற பெண் இருப்பாள். அப்போது வா. நான் சாப்பாட்டை லேபிலேயே சாப்பிடுகிறவள்தான். ஆனால் நீ வந்து வாங்கிப் போகும்வரை, தினமும் அந்த ஒரு மணி நேரம் வெளியே போய்விடுகிறேன்.

தங்கச்சி