செவலையின் முதுகு

பெரக்கரை நாடு,
மாசி மாதம்.

அன்புள்ள மாமாவுக்கு,

சுமித்ரா எழுதுவது. நானும் அத்தையும் நலம். சேலத்தில் உங்கள் அக்கா வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கம்பு ஊன்றாமல் நடக்க முடிகிறதா? இங்கே மிளகு பறித்தாகிவிட்டது. மேட்டுக்காட்டில் மரவள்ளியும் பிடுங்கியாயிற்று.

போனில் குதிரைப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

செவலை உங்களைக் கீழே தள்ளிவிட்ட பிறகு அதைக் கட்டியேதான் வைத்திருந்தோம். மாட்டாஸ்பத்திரி பிலிப் டாக்டர் வந்து முதுகைத் தடவிப் பார்த்தார். சேணம் அழுத்திப் புண்பட்டிருந்ததாம். "அதுக்குக் கெட்ட குணமில்லைம்மா, வலி தாங்காமத் துள்ளியிருக்கு" என்றார்.

புண் ஆறியதும், ஆள் ஏறாமலே முதுகில் சதை வைக்க ஒரு வழி காட்டினார். பின்தொடைகளைச் சுற்றி அகலமான துணிப்பட்டை. அதிலிருந்து இருபுறமும் கடிவாளம் வரை மெல்லிய கயிறு. நான் நடுவில் நின்று, கடிவாளத்தில் கட்டிய வேறொரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அது என்னைச் சுற்றி வரும். தலையை இழுத்துப் பிடிக்கக் கூடாது. அதுவாகக் கழுத்தை நீட்டி, முதுகைத் தூக்கி நடக்க வேண்டும்.

முதல் நாள் பட்டை பட்டதுமே உதைத்துக்கொண்டு ஓடியது. "விட்டுடு சாமி, உனக்கும் ஏதாச்சும் ஆனா நான் என்ன பண்ணுவேன்" என்று அத்தை அழுதார். கயிறுகளை அவிழ்த்துவிட்டுப் பட்டையை மட்டும் தளர்வாகக் கட்டி, பக்கத்திலேயே நடந்தேன். பயம் தெளிந்த பிறகுதான் கயிறு மாட்டினேன். இடமும் வலமும் மாற்றிக் கொஞ்ச நேரம்தான். களைக்கும் முன்பே நிறுத்திவிடுவேன். இப்போது மூக்கு புல்லைத் தொடுகிற அளவுக்குத் தலையைத் தாழ்த்தி, நிதானமாகச் சுற்றுகிறது. குழிந்திருந்த முதுகில் சதை பிடித்திருக்கிறது.

நேற்று முள்ளுக்குறிச்சிக் குதிரை வியாபாரி லாரியோடு வந்தார். குதிரையை ஓட்டிப்போக நீங்கள் சொன்னீர்களாம். நான் கொடுக்கவில்லை. "குதிரைக்குச் சொந்தக்காரரே சொல்லிட்டாரு, நீ என்னம்மா தடுக்கறே?" என்று கேட்டார். "அவரே ஊட்டுக்கு வந்து சொல்லட்டுங்க, அப்புறம் ஓட்டிட்டுப் போங்க" என்றேன். லாரி வெறுமையாகத்தான் திரும்பியது.

உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். கோபம் வரும், தெரியும். அதை நேரில் வந்து காட்டுங்கள். நீங்கள் மறுபடி ஏற வேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். எந்த பஸ் என்று மட்டும் சொல்லுங்கள். சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறேன்.

அறப்பளீஸ்வரர் துணையிருப்பார்.

உங்கள்
சுமித்ரா