சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு

ஜூன் 3

லிஃப்ட் கம்பெனியில் நாள் முழுக்கப் பழுதான சர்க்யூட் போர்டுகளோடு மல்லுக்கட்டல். யாரும் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. வீட்டிலும் நானும் சுவரும்தான்.

கீழ்வீட்டுத் தையல்கார அக்காவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. யாரோ ஒரு பெண் பெல்லை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் துணிப் பையோடு திரும்பிப் போனாள். பெல் இருந்து என்ன புண்ணியம்?

ஜூன் 8

அக்காவுக்கு ஒரு விளக்கு செய்து மாட்டினேன். வாசலில் பொத்தானை அழுத்தினால் டிரான்சிஸ்டர் ரிலே என்ற மின்சுவிட்சை இழுக்கும். தையல் மிஷினுக்கு எதிரே சிவப்பு பல்பு கொஞ்ச நேரம் எரிந்து அணையும். "இனிமே நான் கண்ணாலயே கேப்பேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

டீ கொடுத்தார். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார். அதனால் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. என் முகத்தை யாராவது அப்படிப் பார்த்து எவ்வளவு காலமாச்சு?

ஜூன் 17

விளக்கு எரியவில்லை. டிரான்சிஸ்டர் போயிருந்தது, மாற்றினேன். பேச்சு நீண்டது. வீட்டுச் சண்டையில் தம்பியோடு பேச்சுவார்த்தையே இல்லையாம், வருஷக்கணக்காக. "அவன் ஒரு தடவ வந்து நின்னா போதும்டி" என்றார்.

ஜூன் 26

மறுபடியும் அதே. இப்போதுதான் உறைத்தது — டையோடு போடவே இல்லை! கம்பெனி போர்டில் அது ரிலேயோடு பற்றவைத்தே வரும். அந்தப் பழக்கத்தில், தனி ரிலே வாங்கியபோது மறந்தே போனேன்.

ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் அது சும்மா விடாது. பன்னிரண்டு வோல்ட் நூறைத் தாண்டி எகிறி டிரான்சிஸ்டர் தலையில் விழும். சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு இருந்தால் அது அங்கேயே சுற்றி ஓய்ந்துவிடும். அரிசி மணி அளவு சாமான். கையிலேயே இருந்தது.

போடவில்லை. டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினேன். கெட்டால் இன்னொரு முறை கூப்பிடுவார் இல்லையா? சீ, என்ன புத்தி இது.

ஜூலை 5

மூன்றாம் முறை. "உன் விளக்குக்கு உன்மேல ஆசை போல, அடிக்கடி உன்னைக் கூப்பிடுது" என்றார் அக்கா. சிரித்து மழுப்பினேன். இன்றும் போடவில்லை.

ஜூலை 14

எதிர் மருந்துக் கடைக்காரர் சொன்னார். நேற்று அக்காவின் தம்பி வந்தாராம். பொத்தானை அழுத்திவிட்டு ரொம்ப நேரம் நின்றாராம். "உள்ள மிஷின் ஓடுற சத்தம் கேக்குது. வேணும்னேதான் திறக்கல. இன்னும் கோவம் தீரல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். டிரான்சிஸ்டர் செத்துக் கிடந்தது. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூலை 15

டிரான்சிஸ்டரை மாற்றி, டையோடையும் போட்டுவிட்டேன், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இனி கெடாது.

உண்மையைச் சொல்லியாக வேண்டும். சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அக்கா என் தோளைத் தட்டி, "இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு" என்றார்.

திரும்பிச் சொன்னேன். தம்பி வந்ததையும் சொன்னேன். கடைசி வார்த்தை வரை என் உதட்டையே பார்த்தார். பிறகு, முதல்முறையாக மெதுவான குரலில், "நீ போ" என்றார்.

ஜூலை 30

விளக்கு கெடவில்லை. அக்கா கூப்பிடவும் இல்லை.

ஆகஸ்ட் 11

தம்பிக்கு அக்கா போனில் எழுதி அனுப்பினாராம். பதிலே இல்லையாம். மருந்துக் கடைக்காரர்தான் சொன்னார். என்னிடம் சொல்ல அக்காவுக்கு என்ன தலையெழுத்தா?

ஆகஸ்ட் 20

மனசு கேட்கவில்லை. கீழே போய்ப் பொத்தானை அழுத்தினேன். கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. மிஷின் சத்தம் நின்றது. ஜன்னல் திரை லேசாக அசைந்தது. விளக்கு வழக்கம்போலக் கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது.

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.