வெயிலில் நின்று வாங்கிய குளிர்கோட்டு

மச்சான்,

முந்தாநாள் காலையில் குருவிநத்தத்திலிருந்து ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே கையிலிருந்த மூட்டையைப் பிரித்தார். ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த வாடை வரும் இடத்தில் நான் நிற்பதில்லை. சைக்கிள் கடையில்கூட எட்ட நின்றுதான் பேசுவேன். அன்று என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

"மருமவன் பிரான்சுக்குப் போறான்பா. உங்க மச்சான் போட்டுக்கினு போனாரே ஒரு கோட்டு, அதே மாதிரி தேடிப் புடிச்சேன். நீங்க ஒரு தபா பாத்து நல்லாருக்குதுன்னு சொல்லிட்டா போதும்" என்றார்.

பேச்சுச் சத்தம் கேட்டு என் தங்கச்சி உள்ளேயிருந்து வந்தாள். நீ கண்ணை மூடிய பிறகு உன் பெண்டாட்டி இங்கே என் வீட்டில்தான் இருக்கிறாள். கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்து எத்தனை நாளாயிற்று! "அதேதாண்ணா. எங்கூட்டுக்காரரு கோட்டு மாதிரியே இருக்குது. தாராளமா போட்டுக்கினு போவட்டும்" என்று எனக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய். ஆனால் நானும் உன்மேல் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறேன், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உன் வெள்ளைக்காரத் துரைக்குப் பிரான்சுக்கு மாற்றல் வந்தபோது நீ பாண்டியில் அவர் வீட்டு வேலையில் இருந்தாய். அவருடைய குழந்தைகள் உன் தோளை விட்டு இறங்காதுகள். ஒரு வருஷம் கூட வந்து இரு, திரும்பி வந்ததும் பாகூரிலேயே சர்க்கார் சேவகர் வேலை கிடைக்கும்படி எழுதித் தருகிறேன் என்றார். உனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ மணப்பட்டுக்காரன் ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் மணப்பட்டிலிருந்து இன்னொரு துரையோடு போனவன், கப்பலை விட்டு இறங்கிய எட்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போயிருந்தான். பெட்டி மட்டும் திரும்பி வந்தது. நான் போய்ப் பார்த்தேன். உள்ளே நாலு மல் வேட்டியும் நாலு மல் சட்டையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அங்கே போய்க் குளிருக்குத் துணி வாங்கித் தருவதாகத்தான் அந்தத் துரையும் சொல்லியிருந்தாராம்.

அதனால் இங்கேயே நல்ல கோட்டாக வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புவது என்று முடிவு செய்தேன். உன் உயிர் மட்டுமா அதில் இருந்தது? என் தங்கச்சிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. "ண்ணா, குளுரு மனுசனை இன்னாதான் பண்ணும்?" என்று அவள் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழிப் பனி. அதற்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "நான் இருக்கறேன் இல்ல, பாத்துக்கறேன்" என்றேன்.

வில்லியனூரில், ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்களின் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கும் கடைக்காரர் இருந்தாரே, அவரிடம் இரண்டு கோட்டுகள் இருந்தன. ஒன்று சாம்பல் நிறக் கம்பளி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. முழங்கைப் பக்கம் பூச்சி அரித்து இரண்டு ஓட்டை. இன்னொன்று கறுப்பு, பளபளவென்று, உள்பக்கம் முழுக்க ரப்பர். எது குளிர் தாங்கும் என்று கேட்டால், "ரெண்டுமே தொரைங்க போட்டதுதான், நான் இன்னாத்தக் கண்டேன்? வூட்டுக்கு எடுத்துக்கினு போயி போட்டுப் பாத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடு" என்றார். நம் வீட்டு வெல்லம் அவர் கடைக்குத்தான் போகும், அந்த நம்பிக்கை.

போட்டுப் பார்ப்பது எங்கே? புரட்டாசி மாதம். யோசனை என்னுடையதுதான் மச்சான், அதில் உனக்குப் பங்கில்லை. உச்சி வெயிலில் களத்தில் போய் நிற்போம், எது அதிகமாகச் சுடுகிறதோ அதுதான் நல்ல கோட்டு என்றேன். எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பட்டது அப்போது! நான் கம்பளியைப் போட்டுக்கொண்டேன், நீ ரப்பரைப் போட்டுக்கொண்டாய். வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் நின்றோம், பிறகு மாற்றிக்கொண்டோம். கதிர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சிரித்தார்கள். "இன்னாப்பா, ரெண்டு பேரும் வேஷம் கட்டிட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். கம்பளியில் வேர்த்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரப்பரைக் கழற்றியபோது உன் வேட்டியைப் பிழிந்தால் சொட்டியது. நீ மயங்கி விழப்போனாய், நான்தான் பிடித்து நிழலில் உட்கார வைத்தேன்.

"சந்தேகமே வேணாம் மச்சான், இதுக்குள்ள அடுப்பே வச்சுத் தச்சிருக்கான்" என்று கத்தினேன். அதோடு விடாமல் ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றியும் காட்டினேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பனி மட்டும் எப்படிப் போகும்?

என் தங்கச்சி அந்தக் கம்பளிக்குள் கையை விட்டபடி நின்றிருந்தாள். "ண்ணா, இதுல கை வச்சா அடைகாக்கற கோழிக்கு அடியில கை வச்ச மாதிரி இருக்குதுண்ணா" என்றாள்.

"உனுக்கு இன்னாடி தெரியும்? ஓட்டைக் கோட்டைப் போட்டு அனுப்பவா?" என்று எல்லோருக்கும் எதிரில் அவள் வாயை அடைத்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் நீ கப்பல் ஏறினாய். அந்தக் கோட்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு படகில் நின்று கையாட்டினாய். பத்தாம் நாள் பாகூர் ஏரிக்கரையில் சொல்தா பெரியவரைப் பார்த்தேன். முதல் சண்டையில் பிரான்சில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், காலில் இரண்டு விரல் இருக்காது. பெருமையாகக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது மழைக்கோட்டுடா. குளுருல நடந்தா வேர்க்கும். அந்த வேர்வ வெளியே போவ வழியில்ல. நின்னா அப்பிடியே உடம்போட ஒட்டிக்கினு ஜில்லுனு ஆயிடும். அங்க ஈர உடம்போட இருக்கறவன்தான் மொதல்ல சாவான்."

அங்கிருந்து வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. அந்த மணப்பட்டுப் பெட்டிதான் கண்ணில் நின்றது. தங்கச்சி சோறு போட்டாள், இறங்கவில்லை. ஏன் என்று கேட்டாள், வயிற்று வலி என்றேன். ராத்திரி உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "நான் தப்பான கோட்டைக் கொடுத்துவிட்டேன்" என்று எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதிக் கிழித்தேன். கடைசியில் "முடிந்தால் கம்பளியில் ஒன்றும் வாங்கிக்கொள்" என்று ஒரு வரி போட்டு அனுப்பினேன். காரணத்தை எழுதவில்லை. உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வெட்கம், மச்சான். களத்தில் அத்தனை பேர் எதிரில் கத்திவிட்டேனே, அந்த வெட்கம்.

தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே நான் எழுந்து வாசலுக்கு ஓடுவேன். தை மாதம் உன் முதல் கடிதம் வந்தது. தங்கச்சிக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாய்விட்டுப் படித்தேன். "மச்சான் எடுத்துக் கொடுத்த கோட்டு மிகவும் நன்றாக இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் நம் ஊர் மாதிரி இருக்கிறது. வேறு எதுவும் வேண்டாம்." அவள் சந்தோஷத்தில் அழுதாள். நான் அந்த வரிகளை மறுபடி மனசுக்குள் படித்தேன்.

நீ எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ஆளா? விரால் மீன் குழம்பு வைத்து நாலு பேர் விரலைச் சப்பும்போது "பரவால்ல" என்று எழுந்து போவாய். கல்யாணத்தன்று பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கே "பரவால்ல" என்றவன் நீ. அப்படிப்பட்டவன் ஒரு கோட்டுக்கு மூன்று வரி எழுதியிருக்கிறாய்! அடுத்த கடிதத்தில் ஆறு வரி. அதற்கடுத்ததில் துரையே பார்த்துப் பொறாமைப்படுவதாக ஒரு கதை. நீ புகழப் புகழ எனக்கு உயிரே போயிற்று. அவளோ ஒவ்வொரு கடிதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பாகூரில் ஆரம்பித்த பேச்சு மதகடிப்பட்டுச் சந்தைவரை போனது. குளிர்கோட்டு என்றால் என்னைக் கேட்க வேண்டும் என்று ஆயிற்று.

ஆவணியில் திரும்பி வந்தாய். பாதி ஆளாக வந்தாய். கோட்டைக் காணோம். கேட்டதற்கு, "ஒருத்தன் ஆசப்பட்டுக் கேட்டான், குடுத்துட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் இருமினாய். அந்த இருமல் நாலு மார்கழி உன்னோடு இருந்தது. இருட்டோடு எழுந்து உன் வீட்டுப் பக்கம் போய் நிற்பேன், உனக்குத் தெரியுமா? இருமல் கேட்டால் பயமாக இருக்கும். கேட்காவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கும்.

டாக்டர் இது எப்போதிருந்து என்று கேட்டபோது நீ என்னைப் பார்க்காமல் "சின்ன வயசுலேருந்து" என்றாய். கடைசி வாரம், உன் பெண்டாட்டி தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், நான் துணிந்து வாயைத் திறந்தேன். "மச்சான், அந்தக் கோட்டு..."

"நல்ல கோட்டுடா" என்றாய். மூச்சு வாங்கியது உனக்கு. "எவன் கேட்டாலும் அப்பிடியே சொல்லு. அவகிட்டயும்."

தலையாட்டினேன். உன்மேல் எனக்குக் கோபம் இதுதான். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என் வாயைக் கட்டிவிட்டுப் போய்விட்டாய். அடுத்து வந்த சண்டைக் காலத்தில் யாரும் பிரான்சுக்குப் போகவில்லை, என் தலை தப்பியது. இப்போது கப்பல் ஓடுகிறது. அந்தக் கோட்டும் வாசலுக்கு வந்துவிட்டது.

குருவிநத்தத்துக்காரர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவர் மருமகனை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த வீட்டிலும் ஒரு பெண் இருப்பாள்.

"வேணாம்" என்றேன். "இதைத் திருப்பிக் குடுத்துடுங்க. கம்பளியில பஞ்சு வச்சுத் தச்சது வாங்குங்க, ஓட்டை இருந்தாலும் தச்சுக்கலாம். இது மழைக்குப் போடறது. எங்க மச்சான் இதைப் போட்டுத்தான் நெஞ்சைக் கெடுத்துக்கினாரு. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். நேற்று ஆள் சொல்லி அனுப்பினார், கம்பளி கிடைத்துவிட்டதாம்.

தங்கச்சி நின்ற இடத்திலேயே நின்றாள். அழுவாள், சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். "உனக்கு எப்பலேருந்து தெரியும்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

"கப்பல் போன பத்தாம் நாள்லேருந்து."

"அப்ப வெவரமா கடுதாசி போட்டிருந்தா, வேற வாங்கிப் போட்டிருப்பாரு இல்ல?" என்றாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாளாகிறது. வேளைக்குச் சோறு வைக்கிறாள், நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவள் மறுபடி கேட்டுவிடுவாளோ என்று அவள் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன். நீ இருந்திருந்தால் அவளுக்கு ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி ஆற்றியிருப்பாய். எனக்கு வரவில்லை, மச்சான்.