ஒரு பேச்சுக்கு

சந்தாபுரா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி முகேஷுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபாலில் எழுதுகிறேன். மிச்ச விரல்களால் பேனா பிடிக்கப் பழகுகிறாய் என்று வீணா சொன்னாள். உன் பெண்டாட்டியைக் கோபிக்காதே, நான்தான் துருவிக் கேட்டேன். ஆம்பூரில் உன் மாமியார் வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். அம்மாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

வெங்கடராமன் மாட்டிக்கொண்டான். மேனேஜர் என்று மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் டைப் செய்த ஒரு கடிதத்தில், மோட்டார் உடைந்துவிட்டது என்பதோடு ‘ஸோ டு ஸ்பீக்’ என்று சேர்த்துவிட்டேன். பெரிய இங்கிலீஷ் போலத் தோன்றியது. அவன் அதை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி படித்து, “ஏம்மா, மோட்டார் நிஜமா உடஞ்சுதா, இல்ல ஒரு பேச்சுக்கு உடஞ்சுதா?” என்றான். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் டென்சில்கூடச் சிரித்தார். பிறகு பாடம் வேறு நடத்தினான். ஒரு சொல்லை அதன் நேரான அர்த்தத்தில் சொல்லாதபோதுதான் அந்த மூன்று வார்த்தையைப் போடணுமாம். உண்மையிலேயே நடந்ததற்குப் போடக் கூடாதாம். அன்றைக்கு பாத்ரூமில் நின்று அழுதேன். ஆனால் பாடத்தை மறக்கவில்லை.

பிரஸ் மெஷினில் உன் விரல்கள் போன மறுநாள், விபத்து ரிப்போர்ட்டை அவன் காரில் போய்க்கொண்டே வாய்ஸ் மெசேஜில் சொன்னான். தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்திருந்தோம், ஸோ டு ஸ்பீக் என்று இங்கிலீஷில் வந்தது. வாய்ப்பழக்கம். எடுத்துவிடவா சார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கமா உட்பட அப்படியே அடித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

போன செவ்வாய்க்கிழமை தொழிலாளர் துறை விசாரணை. அதிகாரியம்மா அந்த வரியில் நின்றுவிட்டார். “டிரெயினிங் கொட்டித்ரா, இல்வா?” என்று கன்னடத்தில் கேட்டார். கொடுத்தீர்களா இல்லையா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் அவன் என்ன சொல்வான்? அது டைப்பிஸ்ட் சேர்த்தது, அவளுக்கு இங்கிலீஷ் சரியாக வராது என்றான். நான் எழுந்துபோய் போனை மேஜைமேல் வைத்து அவன் குரலையே ஓடவிட்டேன். அந்த வார்த்தைக்கு அவன் சொல்லித்தந்த அர்த்தத்தையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

சாயங்காலமே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகட்டும்.

ஆனால் அதிகாரியம்மா உன் வாயாலும் கேட்க வேண்டும் என்கிறார். பதினெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு. மெஷினை ஓட்ட யாரும் சொல்லித்தரவில்லை என்று நீ சொல்லிவிட்டால் அவன் தப்ப முடியாது. ரயில் டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

உன்னை அந்தக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வா தம்பி. அவனைப் பற்றிச் சொல்லி முடித்தபின் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியதைச் சொல். எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கை சீக்கிரம் நன்றாக ஆறட்டும்.

உன் அக்கா,
சங்கமித்ரா