பின் பெஞ்சில் ஓர் இடம்

திருவனந்தபுரம்,
சனிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம் சொல்லித்தான் நம் வீட்டில் கடிதம் தொடங்கும். அதை அம்மாவின் சார்பில் எழுதிவிடுகிறேன். என் சார்பில் நலம் விசாரிக்கிறேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய மூன்று செய்திகளையும் நீங்கள் படித்துவிட்டீர்கள், நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் வரவில்லை. தாளில் எழுதினால் கொஞ்ச நேரமாவது கையில் வைத்திருப்பீர்கள் என்று நினைத்து உங்கள் ஷார்ஜா கம்பெனி முகவரிக்கு இதை அனுப்புகிறேன்.

முதலில் அம்மாவின் உடம்பு. மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். இதுவரை மாதக் கணக்கில் பேசிக்கொண்டிருந்த டாக்டர், சென்ற செவ்வாய் முதல் வாரக் கணக்கில் பேசுகிறார். வலிக்கு மாத்திரை இருக்கிறது. கஞ்சி இறங்குகிறது. ஆரியசாலை மொத்தக் கடையில் பதினேழு வருடம் மிளகாய் வத்தல் தரம் பிரித்த காரம் விரலை விட்டு இன்னும் போகவில்லை என்று சிரிக்கிறாள். கண் கலங்கினால் நான்தான் துடைத்துவிட வேண்டும்.

நான் வஞ்சியூரில் அதே வக்கீல் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். பழைய தமிழ்ப் பத்திரங்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்த்துக் கொடுக்கும் வேலை. அகில் என்பவரை மணக்கப் போகிறேன். பதிவுத் திருமணம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் நோட்டீஸ் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டி இருபத்தாறு நாள் ஆகிறது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை, ஒருவரும் படிக்கவுமில்லை. “நம்மள தடுக்கக்கூட ஆளில்ல கேட்டோ ஜினி” என்று அகில் கேலி செய்கிறார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் சென்ற வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்தது அதில் பாதிதான்.

குடும்ப நீதிமன்றத்தில் கடைசி நாளன்று நீங்கள் வீடியோவில் வந்தீர்கள். அம்மா ஆலயத்தில் திருவிருந்து அப்பம் எடுக்க உடுத்தும் வெள்ளைச் சேலையில் நேரில் வந்தாள். அவள் திருவிருந்து எடுத்தே இருபத்தைந்து வருடம் ஆகிறது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இருவருக்கும் சம்மதமா என்று நீதிபதி கேட்டார். சம்மதம் என்றீர்கள். அம்மாவும் சம்மதம் என்றாள், ஆனால் உட்காரவில்லை. அடுத்த வழக்கை அழைத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். நான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். மொத்தம் ஏழு நிமிடம்.

படியிறங்கும்போது, “ஒருத்தரும் கேக்கல்லியே மக்களே” என்றாள். என்ன கேட்கவில்லை என்றேன். “நான் செஞ்சேனா இல்லியான்னு.”

ஆட்டோவில் நான் அவளுக்குச் சட்டம் சொன்னேன். முன்பெல்லாம் நம் கிறிஸ்தவர்களில் ஒரு கணவன் பிரிய வேண்டுமானால் மனைவியின் விபசாரத்தை நிரூபித்தாக வேண்டும், அவளைக் கூண்டில் ஏற்றி எல்லாம் கேட்பார்கள், இப்போது அந்தக் கேவலம் இல்லை என்றேன். அது குற்றமே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது என்றேன். நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னேன். எனக்கு அது நல்ல செய்திதான், இன்றும். ஆட்டோ தம்பானூர் தாண்டியது. “அப்போ என்னய எதுக்கு எழுப்பி நிறுத்துனாவ?” என்றாள் அம்மா.

மலைத் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது எனக்கு அரைகுறையாக நினைவிருக்கிறது. எனக்கு நான்கு வயது. நம் சபையில் ஞாயிறு ஆராதனையில் கல்யாண ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை உண்டானால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு. அது முடிந்ததும் உபதேசியார் தாளைத் திருப்பி, தவறு செய்ததாகச் சபை ஒழுங்கின் கீழ் வைக்கப்பட்டவர்களின் பெயரை வாசிப்பார். அதுவும் மூன்று ஞாயிறு. பெயர் வாசித்ததும் அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். அதன் பிறகு இடம் பின் பெஞ்சு, திருவிருந்து கிடையாது. சுவாமிதாஸ் மனைவி லீலாபாய் என்று வாசித்தபோது அம்மா என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தோட்டத்துக் கம்பவுண்டரோடு அவளைச் சேர்த்து எழுத்தில் பராதி, அதாவது புகார், கொடுத்தது நீங்கள். நான்காம் மாதம் நீங்கள் ஷார்ஜா போய்விட்டீர்கள். பின் பெஞ்சில் என் கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

நான் உங்களைக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. நீங்கள் அங்கே யாரோடு வாழ்கிறீர்கள் என்பதும் எங்களுக்கு வெகுநாளாகத் தெரியும். அதை எந்தச் சபையும் வாசிக்கவில்லை, எந்தச் சட்டமும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம்.

தோட்டம் மூடி நாங்கள் இங்கே வந்த முதல் ஞாயிறே, நகரத்துத் தமிழ்ச் சபையில், யாரும் சொல்லாமல் அம்மா நேராகப் பின் பெஞ்சுக்குப் போனாள். இடது பக்கம், கதவை ஒட்டிய பெஞ்சு. அங்கே அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ஆனாலும் அந்த பெஞ்சில் ஆள் இருக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று வெளியே பந்தல் வரை கூட்டம் நிற்கும். அம்மா ஒருத்தியைத் தவிர அந்த பெஞ்சு காலியாகக் கிடக்கும். ஏன் என்று கேட்டால், “ஓ, அங்க ஃபேன் காத்து வராது” என்பார்கள். நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காற்று நன்றாகவே வரும்.

விவாகரத்து முடிந்த அடுத்த ஞாயிறு ஒன்று நடந்தது. போதகர் ஜெயந்த் கல்யாண ஓலை வாசித்து முடித்துத் தாளைத் திருப்பும் முன் ஒரு சின்ன இடைவெளி விட்டார். எப்போதும் விடுவதுதான், அன்றுவரை நான் கவனித்ததில்லை. அந்த இடைவெளியில் அம்மா எழுந்து நின்றாள். அவர் தாளைத் திருப்பி ஐக்கிய சங்கக் கூட்டத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதும் உட்கார்ந்தாள். கால் மரத்துப்போயிற்றா என்று கேட்டேன். “கேப்பாவளோன்னு பாத்தேன்” என்றாள்.

மூன்றாவது வாரம் அவளோடு இன்னொருவர் எழுந்தார். ஏதோ ஹோட்டலில் வேலை செய்பவர்; சட்டைப் பையில் கடைப் பெயர் தைத்திருந்தது. அவர் எப்போது வந்து அம்மாவுக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், முன் வரிசையில் குடும்பத்தோடு இருப்பவர், கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தார். அவர் மருமகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த இடைவெளியில் மூவரும் எழுந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. போன வாரம் எண்ணினேன்: ஒன்பது பேர். கைபேசியில் நேரமும் பார்த்தேன். இடைவெளி நாற்பது விநாடி இருந்தது. முன்பு அது ஒரு மூச்சளவுதான்.

போதகரிடம் போய்ப் பேசினேன். இளவயதுக்காரர், நல்லவர். அம்மாவின் கதையைக் கேட்டுவிட்டு, “சிஸ்டர், அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா? நாளைக்கே முன்னாடி வரச் சொல்லுங்க, நானே கொண்டுவந்து அப்பம் தர்றேன்” என்றார். அம்மாவிடம் சொன்னேன். “அவருக்குத் தெரியாததை அவரு எப்படி மன்னிக்க?” என்றாள். அந்த இடைவெளியை ஏன் விடுகிறீர்கள் என்றும் அவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். “தெரியல. ஓலை முடிஞ்சதும் தொண்டை தானா நின்னுருது. எனக்கு முன்னால இருந்தவருக்கும் அப்படித்தானாம்” என்றார்.

அதனால்தான் சென்ற மாதம் மலைக்குப் போனேன். விதுரையில் பஸ் இறங்கி ஜீப் பிடித்தேன். தேயிலை மரமாக வளர்ந்துவிட்டது. நாம் குடியிருந்த லயத்து வரிசை வீட்டில் கூரை இல்லை. ஆலயத்துக்கு வெளியே கேமராவோடு நின்ற இரண்டு பேர், “சேச்சி, இங்க பேய் உண்டென்னு கேட்டு வந்தோம், சேச்சி கண்டிட்டுண்டோ?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உள்ளே முன் பெஞ்சுகளை யாரோ விறகுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். பின் பெஞ்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் தூசி இல்லை. நான் உட்காரவில்லை.

உபதேசியார் தங்கையன் இன்னும் கீழ் லயத்தில்தான் இருக்கிறார், மகளோடு. லீலாபாய் மகள் என்றேன். அவருக்கு அம்மாவை நினைவில்லை. “எத்தன பேர வாசிச்சிருக்கேன் மக்ளே, ஒண்ணும் ஓர்ம இல்ல” என்றார், சங்கடமே படாமல். ஆனால் பழைய பதிவேடு தகரப் பெட்டியில் இருந்தது. அம்மாவின் பெயரும் உங்கள் கையெழுத்தும் இருக்கின்றன. ஒழுங்கை நீக்கிய தேதி எழுத விட்ட கட்டம் காலி. அவரையே எழுதித் தரச் சொன்னேன். “எனக்கு வாசிக்கத்தான் அதிகாரம். பராதி தந்தவரு சபை முன்ன நின்னு நேர்ல கேக்கணும், அவ பதில் சொல்லணும், பெறவுதான் நீக்கம். உங்க அப்பா அதுக்கு நிக்காமக் கப்பலேறிட்டாருல்லா?” என்றார். விமானம் என்று திருத்தத் தோன்றியது. திருத்தவில்லை.

இரவெல்லாம் யோசித்தேன் அப்பா. வேதத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்மேல் கல் எறிய வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்லைப் போட்டுவிட்டுப் போனது நல்லதுதான். அவர்கள் திரும்பி வர நான் விரும்பவில்லை. ஆனால் தரையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த கர்த்தரும் அவர்களோடு எழுந்து போய்விட்டால், நடுவில் நிற்கும் பெண் யாரைப் பார்த்து வாய் திறப்பாள்? அவளை வீட்டுக்குப் போ என்று சொல்ல ஆள் வேண்டும். இல்லையென்றால் அவள் அங்கேயேதான் நிற்பாள். அம்மா நிற்கிறாள்.

இதோடு முடித்து இன்றே தபாலில் போட நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. நாளை ஆராதனை முடிந்து போடுகிறேன்.

ஞாயிறு, மதியம்.

இன்னும் தபாலில் போடவில்லை, இன்று நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அம்மாவால் நடக்க முடியவில்லை. நானும் அகிலும் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனோம். பெஞ்சு நிறைந்திருந்தது. அதற்கு முன் பெஞ்சிலும், எதிர்ப்பக்கத்திலும் ஆட்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். சபைக் கமிட்டியார் இருவர், பாடகர் குழுப் பெண் ஒருத்தி. யாரும் யாரையும் அழைத்துப் பேசிவைத்த மாதிரி இல்லை. அம்மாவின் இடத்தை ஒட்டி மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

போதகர் ஓலை வாசித்தார். ஒரே ஓலை. முடித்தார். தாளைத் திருப்பவில்லை. எல்லாரும் எழுந்தார்கள். பெஞ்சு நகரும் சத்தம் கூட எழவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து எழுந்தாள். சிறிது நேரம் கழித்துத்தான் நானும் நிற்பதை உணர்ந்தேன். அவளைத் தாங்குவதற்காக நான் எழவில்லை. ஏன் எழுந்தேன் என்பதை உங்களுக்கு எழுதப் போவதில்லை.

 போதகர் எங்களைப் பார்த்தார். தாளை மேசைமேல் வைத்தார். படியிறங்கி, நடுப்பாதையில் மெதுவாக நடந்து வந்து, டீச்சருக்குப் பக்கத்தில் நின்று, முன்பக்கம் திரும்பினார். எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கே யாரும் இல்லை. மைக் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கைபேசியை எடுக்கத் தோன்றவில்லை. யாருடைய பெயரையும் வாசிக்க அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. கடைசியில் ஒரு குழந்தை அழுதது. ஒவ்வொருவராக வெளியே போனோம். ஆசீர்வாதம் சொல்லப்படவில்லை.

வீட்டில் அம்மாவைப் படுக்க வைத்தபோதுதான் அவள் பக்கத்துக் காலி இடத்தைப் பற்றிக் கேட்டேன். அத்தனை நெரிசலிலும் அவளுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் இடம் வெறுமையாக இருந்தது. அதில் எப்போதும் போலத் தன் வேதாகமத்தை பிளாஸ்டிக் உறையோடு வைத்திருந்தாள். ஹோட்டல்காரர் உட்காரப் போனபோது கையால் மறித்தாள். எனக்காக வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை வாரமும் நினைத்திருந்தேன். “உனக்கா? நீ எங்கயும் இருப்ப” என்றாள். “அது ஒங்க அப்பாவுக்காக்கும். வந்தா எங்க இருப்பாரு, பாவம்?”

அப்பா, இதுதான் என் வேண்டுகோள். ஒரு ஞாயிறு வாருங்கள். பணம் வேண்டாம், பயணச் சீட்டு நான் எடுத்துத் தருகிறேன். பத்தேகால் மணிக்கு ஓலை வாசித்து முடிப்பார்கள். முன்னால் போய் நின்று, அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்து, நீ செய்தாயா என்று ஒரு தடவை கேளுங்கள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பதிலாக இருந்தாலும் நான் அவள் மகள்தான். உங்களுக்கும் மகள்தான். கேட்டு முடித்ததும் பின்னால் வந்து அந்த இடத்தில் உட்காருங்கள். உங்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். உங்களிடமும் கேட்க வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றினால், அம்மா கேட்பாள்.

டாக்டர் சொன்ன கணக்கில் இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது.

கர்த்தர் உங்கள் பயணத்தில் துணையாக வருவாராக என்று முடிக்கச் சொல்கிறாள். அப்பா வருவதாகச் சொல்லவே இல்லையே அம்மா என்றேன். கண்ணைத் திறக்காமல், “எழுது” என்றாள். எழுதிவிட்டேன்.

உங்கள் மகள்,
ஜினி