உறைபனியில் பட்டாணி

ஜனவரி 9

அருமை மருமகளுக்கு,

மாமன் எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம். என்னைவிட உன் பட்டாணி சௌக்கியம். ஆறு வருஷம் பொறுக்கிச் சேர்த்த விதை, உலகத்தில் வேறெங்கும் ஒரு மணி கிடையாது என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாயே, அது இப்போது என் இடுப்பு உயரம். பூ கொட்டிக் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை விடியும்போது உறைபனி. வயலே கண்ணாடித் தூள் மாதிரி. பக்கத்து வயல்காரன் இருக்கிறானே, அந்த உம்மணாமூஞ்சி, வரப்போடு நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். பயந்தாங்கொள்ளி! நான் உள்ளே இறங்கி, தண்ணீர்த் தொட்டிவரை வழியோரம் செடி செடியாக உலுக்கி, பனியை உதறிவிட்டேன். முழங்கால்வரை ஈரம். எந்தக் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், சொல்லு?

தினமும் காலையில் ஆட்கள் பார்க்க வருகிறார்கள். உரக்கடைக்காரர், தபால்காரர், நேற்று பெரிய அதிகாரி ஒருவர். ஜீப்பில் வந்தார். எல்லோரையும் நடுவயல்வரை கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

உன் மாமன்

ஜனவரி 17

மாமாவுக்கு வணக்கம்.

பனி பட்ட செடியில் மேல்தோல் கிழிந்திருக்கும். ஈரத்தில் உள்ளே நடந்தால், ஒரு செடியின் நோயை நம் கால்சட்டையே அடுத்த செடிக்குத் தடவிவிடும். பனிக்குப் பின் பட்டாணியில் வருவது பாக்டீரியா நோய். பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படாது. வந்தபின் செய்ய ஒன்றுமில்லை. இலை காயும்வரை யாரும் இறங்க வேண்டாம். அதிகாரியும் வேண்டாம். முக்கியமாக நீங்கள் வேண்டாம்.

மருமகள்

ஜனவரி 30

மருமகளே,

கால்சட்டையில் நோய் வருமாம்! உரக்கடையில் வாசித்துக் காட்டினேன், தராசு குலுங்கச் சிரித்தார்கள். நான் உள்ளே நடந்து நடந்து வளர்த்த பயிர் எத்தனை, உனக்குத் தெரியுமா?

இலையில் எண்ணெய் பட்ட காகிதம் போலச் சில புள்ளி. சிலது பழுப்பு. அதனாலென்ன, பூஞ்சை மருந்தை இரண்டு மடங்காகக் கலந்து நானே அடித்தேன். காலையிலேயே, பனி காயுமுன். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி எடுத்த படம் இத்துடன். பெருமையாகப் பார்.

மாமன்

பிப்ரவரி 8

மாமாவுக்கு,

படத்தைப் பார்த்தேன். பழுப்பு வயல் வாசலில் ஆரம்பித்து ஒற்றைக் கோடாகப் போகிறது. நடுவயலில் ஒரு வட்டம். பிறகு தொட்டிவரை இன்னொரு கோடு. என்னோடு வேலை செய்பவர் வட்டத்தைத் தொட்டு, "உங்க மாமா இங்கதான் நின்னு கதை சொல்லுவாரோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மேட்டுக் கோடியில் எட்டு வரிசை பச்சையாக இருக்கிறது. அங்கே நீங்கள் ஏறவில்லை, மூச்சு வாங்கும். சனிக்கிழமை வருகிறேன். மற்றதைப் பிடுங்கி எரிக்க வேண்டும். நான் வரும்வரை வீட்டைவிட்டு இறங்காதீர்கள். மாமா, இது வேண்டுகோள் இல்லை.

மருமகள்

அக்டோபர் 12

அருமை மருமகளுக்கு,

மாமன் எழுதிக்கொண்டது. மாசி போனதிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வந்தாய், கையுறை மாட்டினாய், எரித்தாய். மார்ச்சில் மறுபடி வந்து மேட்டில் விளைந்ததை அறுத்துக்கொண்டு போனாய். எட்டு வரிசையில் எட்டு மூட்டை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் ஒரு தலையணை உறை அளவுதான், எனக்குத் தெரியாதா? உன் அத்தை காப்பி போட்டுக் கொடுத்தாள், நீ குடிக்கவில்லை. அதை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போனது போகட்டும். படித்தவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வருஷமும் அந்த விதையை என்னிடமே கொடு. நிலத்தை மூன்று முறை உழுது போட்டிருக்கிறேன். உம்மணாமூஞ்சியிடம் கொடுத்தால் அவன் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். நீ சொல்கிறபடியே கேட்கிறேன். ஓரளவுக்கு. சரி, முழுக்கவே கேட்கிறேன். வேலி போட ஆள் சொல்லிவிட்டேன். ஊரில் எல்லோரிடமும் விதை வருகிறது என்றும் சொல்லியாயிற்று.

என்றைக்கு அனுப்புகிறாய்?

உன் மாமன்

நவம்பர் 3

மாமாவுக்கு,

விதைத்தாயிற்று. நன்றாக முளைத்திருக்கிறது. எந்த இடம் என்று உங்களிடம் சொல்வதாக இல்லை.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மருமகள்